வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு, டாக்டர்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவமனையில் ஒரு ஃபைல் திறக்கிறார்கள். கட்டி எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, முதல் குழந்தை எந்த வயதில் பிறந்தது, எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, யார் கையால் சாப்பிடுகிறது, இரவில் யார் பக்கத்தில் படுக்கிறது என்பது பெரும்பாலும் ஏறுவதில்லை. மருத்துவருக்குக் கேட்க நேரமில்லை. வெளியே வரிசை நீண்டு நிற்கிறது. ஆகவே தாயே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்: ‘வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு, டாக்டர்.’

சொன்னால் என்ன மாறிவிடும் என்று தோன்றலாம். தாய்ப்பாலை நிறுத்தும் நாள், ஸ்கேன் எடுக்கும் நேரம், கீமோ ஏறும் கிழமை, கதிர்வீச்சு எத்தனை நாள் என்பது, பிள்ளைக்குப் போடும் சொட்டு மருந்து வரை அத்தனையும் மாறக்கூடும். இந்தச் சிகிச்சையைத் தாண்டிவந்த தாய்மார்களிடம் பேசினால், மருந்தைத் தாங்கியதைவிட மருந்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றதுதான் கடினம் என்பார்கள். அந்த இடைவெளியைக் குறைக்கும் காரியங்கள் பலவும் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு இந்நோய் ஏறக்குறையப் பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. அங்கே பலருக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகு வருவது, இங்கே பலருக்குப் பிள்ளையின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது.

நடிகை கௌதமிக்கு நோய் தெரிந்தபோது வயது 35. கட்டியைக் கையால் தடவிக் கண்டுபிடித்தவர் அவரேதான். 1999-ல் பிறந்த அவருடைய மகள் அப்போது சின்னஞ்சிறுமி. சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழித்து ‘லைஃப் அகெய்ன்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, நோயிலிருந்து மீள்வதைப் பற்றி ஊர் ஊராகப் பேசிவருகிறார். இந்தித் திரையுலகின் எழுத்தாளர், இயக்குநர் தாஹிரா காஷ்யப்புக்கு 2018-ல் நோய் தெரிந்தபோது மகனுக்கு 6 வயது, மகளுக்கு 4. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளன்று, அறுவைத் தழும்பு தெரியும்படி எடுத்த தன் படத்தை வெளியிட்டார். 2025-ல் நோய் திரும்பியபோது அதையும் மறைக்கவில்லை. அமெரிக்க நடிகை ஒலிவியா மன்னின் மகன் பிறந்தது 2021 நவம்பரில். 2023 தொடக்கத்தில் அவருடைய மேமோகிராம் சுத்தமாக இருந்தது, மரபணுச் சோதனையும் அப்படியே. ஆனாலும் அவருடைய மருத்துவர் குடும்ப வரலாறு, முதல் பிரசவ வயது போன்றவற்றை வைத்து வாழ்நாள் அபாயத்தைக் கணக்கிட்டார். 37 சதவீதம் என்று வந்ததால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்; அப்படித்தான் நோய் பிடிபட்டது. மகனுக்கு ஒன்றரை வயது ஆகும் சமயத்தில் அவருக்கு இரண்டு மார்பகங்களும் அகற்றப்பட்டன.

வசதியும் உதவியாளர்களும் உள்ள பெண்கள்தான் இவர்கள். ஆனால் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும் குழந்தையைத் தூக்க முடியாத நிலை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

கைக்குழந்தை உள்ள தாய்க்கு முதலில் வரும் கேள்வி தாய்ப்பால். கீமோ மருந்துகள் பாலில் கலக்கும். ஆகவே கீமோ தொடங்குமுன் பால் கொடுப்பதை நிறுத்தியாக வேண்டும். பிறகு வரும் ஹார்மோன் மாத்திரைக் காலத்திலும் கொடுக்கக் கூடாது. ‘நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்’ என்ற ஒரு வரியோடு தாயை வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் கிடைத்தால் ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக் கிண்ணத்துக்கோ பாட்டிலுக்கோ பழக்கலாம். அவகாசம் இல்லையென்றால் பால் வற்ற மாத்திரை இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் நம் ஊர் வழக்கம் வெறும் நம்பிக்கை அல்ல. புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1988-ல் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. பூவுக்கும் பால் சுரப்பைக் குறைக்கும் திறன் உண்டென்று அது காட்டியது. ஆனால் கட்டியோ அறுவைக் காயமோ உள்ள மார்பில் எதையும் கட்டுமுன் மருத்துவரைக் கேட்பதுதான் சரி. பால் மறக்கடிக்கும் நாட்களில் குழந்தை இரவில் அப்பாவோடோ பாட்டியோடோ படுப்பது இருவருக்கும் நல்லது. அம்மாவின் வாசனை பக்கத்திலேயே இருக்கும்போது எந்தக் குழந்தையும் பாட்டிலை ஏறிட்டுப் பார்க்காது.

அடுத்தது ஸ்கேன். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கப் பெட்-சி.டி. எடுப்பார்கள். அதற்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரை சில மணி நேரம் உடலில் இருக்கும். அதன் கதிர்வீச்சு சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அதுவரை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதையும் கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்காருவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். எலும்பு ஸ்கேனுக்கான மருந்து இன்னும் சற்று நேரம் தங்கும். எத்தனை மணி நேரம் விலகியிருக்க வேண்டும் என்பதை அந்த மையத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிவிட்டால், தூங்கும் நேரத்துக்குள் குழந்தை அம்மாவிடம் வந்துவிடலாம். குழந்தையை ஸ்கேன் மையத்துக்கே அழைத்துப் போய்விட்டு, ஊசி போட்ட பிறகு யாரிடம் கொடுப்பது என்று விழிப்பதைவிட அன்று ஒரு நாள் மாமா வீட்டில் விட்டுப் போவது எவ்வளவோ மேல்.

கதிர்வீச்சுச் சிகிச்சை இதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து இயந்திரம் வழியாகச் செலுத்தப்படும் கதிர் உடம்பில் தங்குவதே இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை அணைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் வாரக்கணக்கில் பிள்ளையை விலக்கிவைத்த வீடுகள் உண்டு. ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்று பெரியவர்கள் பேசுவது காதில் விழுந்து, அம்மாவைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்துபோகும் குழந்தைகளும் உண்டு.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கை. இதற்குப் பல தாய்மார்கள் தயாராக இருப்பதில்லை. மார்பகத்தை முழுதாக எடுத்தாலும், கட்டியை மட்டும் எடுத்தாலும், அக்குள் நெறிகளில் கை வைத்திருந்தால் சில வாரம் அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தை பதினோரு, பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒரு குடம் தண்ணீரும் கனம்தான். ஆனால் குடம் அழாது, கையை நீட்டாது. அறுவைக்கு முந்திய வாரமே இதற்குப் பழக்கிவிட வேண்டும்: அம்மா தரையில் பாய் விரித்து உட்காருவார், பிள்ளை தானாக ஏறி மடிக்கு வரும். கட்டிலில் ஏற ஒரு சின்ன ஸ்டூல். அறுவை நடந்த பக்கம் ஒரு தலையணை. பிள்ளை ஓடிவந்து மோதினால் தலையணைமேல்தான் மோதும். ‘அம்மாவால் உன்னைத் தூக்க முடியாது’ என்று சொல்வதைவிட ‘நீ வந்து அம்மா மடியில் உட்காரு’ என்று சொல்வது குழந்தைக்குப் புரியும்.

காயத்திலிருந்து நீர் வடியும் குழாய், அதாவது டிரெயின், ஒன்று இரண்டு வாரம் தொங்கும். பிஞ்சுக் கைகள் பற்றி இழுக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. உள்பக்கம் பை வைத்துத் தைத்த தளர்ந்த நைட்டியோ முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோ இருந்தால் குழாயும் மறையும், கையைத் தூக்காமலே உடுத்தவும் முடியும். தோள்பட்டைப் பயிற்சியை மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள். சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறுவது அதில் ஒன்று. அதைப் பிள்ளையோடு சேர்ந்து விளையாட்டாகவே செய்யலாம், யார் விரல் உயரமாக ஏறுகிறது என்று. அக்குள் நெறிகளை எடுத்த பக்கத்துக் கை பின்னாளில் வீங்கும் வாய்ப்பு உண்டு. எல்லா நெறிகளையும் எடுக்காமல் முதல் சில நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் முறை தனக்குப் பொருந்துமா என்று அறுவைக்கு முன்பே கேட்பது, பிள்ளை வளர்க்கும் தாய்க்கு மிகவும் முக்கியம்.

கீமோவுக்கு ஒரு தாளம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும் மருந்தென்றால், முதல் வாரம் குமட்டலும் அசதியும். இரண்டாவது வாரத்தில், ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ‘கவுண்ட் குறைஞ்சிருக்கு’ என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது வாரம் உடம்பு எழுந்து நிற்கும். எல்லோருக்கும் அச்சுப்போல ஒன்றாக இருக்காது. ஆனால் முதல் இரண்டு சுற்று முடிந்ததும் தன் உடம்பின் கணக்கு அவரவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அதை வீட்டுக் காலண்டரில் பிள்ளைக்குப் புரியும் நிறத்தில் வரைந்துவிட வேண்டும். சிவப்பு நாட்களில் அம்மா படுத்திருப்பார், அப்பாதான் தலை பின்னிவிடுவார். மஞ்சள் நாட்களில் வீட்டுக்குள்ளேயே விளையாட்டு, வெளியாட்கள் வேண்டாம். பச்சை நாட்களில் கடற்கரை, பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள். ‘அம்மா எப்போ சரியாகும்?’ என்ற கேள்விக்கு ஐந்து வயதுக் குழந்தையிடம் ‘ஆறு மாசம்’ என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ‘இன்னும் நாலு கட்டம் தாண்டினா பச்சை’ என்றால் விரலை வைத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

முதல் நாட்களில் குமட்டலுக்காகவும் ஒவ்வாமைக்காகவும் தரும் ஸ்டீராய்டு பற்றி எச்சரிக்கை வேண்டும். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். பென்சிலைத் தொலைத்த பிள்ளைமேல் தாய் பாய்ந்துவிட்டு, ராத்திரி முழுக்க அதற்காக அழுவது இந்த நாட்களில்தான். பாதிக்குமேல் அது மருந்தின் வேலை. மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் பலருக்கு இரவுத் தூக்கமாவது திரும்பக் கிடைக்கும். பிள்ளையிடமும் ‘இது கோபப்பட வைக்கிற மருந்து, உன்மேல எனக்குக் கோபம் இல்லை’ என்று சொல்லிவைக்கலாம்.

கீமோ ஏறிய பிறகு ஏறக்குறைய 48 மணி நேரம் மருந்தின் மிச்சம் சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். அந்த இரண்டு நாள் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறையென்றால் மூடியை மூடிவிட்டு ஃபிளஷ் செய்ய வேண்டும். வாந்தியைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்; அம்மா வாந்தி எடுத்த பாத்திரத்தைப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அணைக்கலாம், முத்தம் கொடுக்கலாம், அதில் தடையே இல்லை. சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்ஸோருபிசின் மருந்து ஒன்றிரண்டு நாள் சிறுநீரையும் சிவப்பாக்கும். அதைப் பார்த்து ரத்தம் என்று அலறும் பிள்ளைகள் உண்டு. முன்பே சொல்லிவைத்தால் போதும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சளி, இருமல், காய்ச்சல் வாசற்படி தாண்டி வந்துகொண்டேதான் இருக்கும். பால்வாடியிலிருந்தோ பள்ளியிலிருந்தோ வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் அம்மா மடி என்பதை ஒரு வழக்கமாக்கிவிட்டால் தொற்றைக் குறைக்கலாம். வீட்டிலுள்ள மற்றவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்திருந்தால் ஆசிரியர் உடனே போனில் சொல்ல வேண்டும், தாய் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று போலியோ சொட்டு மருந்து. வாயில் விடும் சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். குழந்தையின் மலத்தில் அது சில வாரம் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி இறங்கிய ஒருவர் வீட்டில் இருக்கும்போது இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். அதற்காகச் சொட்டு மருந்து முகாமைப் பார்த்துப் பயந்து தடுப்பூசியையே விட்டுவிடக் கூடாது. ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. குழந்தை மருத்துவரிடம் ‘எனக்குக் கீமோ நடக்குது’ என்று சொன்னால் எதை, எப்போது போடலாம் என்று அவர் முடிவு செய்வார். தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு இந்தத் தடை இல்லை. சொட்டு மருந்து ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால் கால் கழுவிவிடும் வேலையைச் சில வாரம் வேறொருவர் ஏற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு தெர்மாமீட்டர். கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் அது நடுராத்திரியே ஆனாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை பார்க்கலாம் என்பது ஆபத்து. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. ஆகவே கீமோ தொடங்கும் முன்பே ‘ராத்திரியில் கிளம்பினால் பிள்ளைகள் யாரிடம்’ என்ற கேள்விக்குப் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள பதில் வேண்டும். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவைப்பது பெரிய உதவி.

இனிப் பிள்ளையிடம் சொல்வது. குடும்பங்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். பிள்ளைக்குத் தெரியும். கதவு சாத்தியிருக்கிறது, பாட்டி பூஜையறையில் அழுகிறார், அப்பா சாப்பிடாமல் எழுந்து போகிறார், எல்லாம் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. தெரியாத இடத்தைக் குழந்தை தன்னைக் கொண்டே நிரப்பிக்கொள்ளும். மூன்று முதல் ஆறு வயதில் தன் எண்ணத்தாலும் கோபத்தாலும் காரியங்கள் நடந்துவிடும் என்று நம்புவது இயல்பு. ‘அன்னிக்கு உன் நெஞ்சுல பந்து எறிஞ்சேனே, அதனாலயாம்மா?’ என்று கேட்கும் பிள்ளை அதிர்ஷ்டசாலி, கேட்டுவிட்டது. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பிள்ளைதான் படுக்கையை நனைக்கிறது, நகத்தைக் கடிக்கிறது, பள்ளிக்குப் போக வயிற்றுவலி என்கிறது.

சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். அம்மாவுக்கு வந்திருப்பது புற்றுநோய், அல்லது வீட்டில் வழங்கும் சொல் கேன்சர் என்றால் கேன்சர். ‘உடம்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால், அடுத்த முறை பாட்டிக்கு ஜலதோஷம் வந்தாலும் பிள்ளை பயப்படும். இது நீ செய்த எதனாலும் வரவில்லை. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. மருந்து முடி கொட்ட வைக்கும், பிறகு முளைக்கும். உன்னைப் பள்ளிக்குக் கொண்டுவிடப் போவது இன்னார், சாப்பாடு தரப்போவது இன்னார். கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைக்கு முதலில் வேண்டியது. தன் நாள் எப்படி நடக்கும் என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் காதில் ஏறும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். சோறு ஊட்டும்போது கொஞ்சம், வண்டியில் போகும்போது கொஞ்சம்.

எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய பிள்ளை நேராகக் கேட்கும்: ‘அம்மா, நீ செத்துப் போயிருவியா?’ இதற்குப் பொய்ச் சத்தியம் செய்துகொடுக்கக் கூடாது. ‘டாக்டருங்க நல்ல மருந்து கொடுக்கறாங்க, இந்த மருந்தால நிறையப் பேர் நல்லாயிருக்காங்க, நானும் ஒரு வேளை விடாம எடுத்துக்கறேன். ஏதாவது மாறினா நானே உன்கிட்ட சொல்றேன், மத்தவங்க பேச்சைக் கேட்டுப் பயப்படாதே.’ இந்தப் பதிலில் மறைப்பும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை. நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட தாய்மார்களுக்கும் ‘நானே சொல்றேன்’ என்ற வாக்கு பொருந்தும், காப்பாற்றவும் முடியும்.

முடி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மொட்டை அவர்களுக்குப் புதிதல்ல. பழநியிலும் குலதெய்வக் கோயிலிலும் தங்களுக்கே போட்டிருப்பார்கள். முடி திரும்ப முளைத்ததைக் கண்ணாடியில் பார்த்தவர்கள். முதல் கீமோ ஏறி இரண்டு, மூன்று வாரத்தில் தலையணையில் முடி உதிரத் தொடங்கும். கொத்துக் கொத்தாகக் கையோடு வருவதைப் பிள்ளை பார்ப்பதற்கு முன்பே, ஒரு பச்சை நாளில் எல்லோரும் இருக்கும்போது மழித்துவிடுவது நல்லது. மெஷினைப் பிடிக்கப் பிள்ளைக்கும் ஆசையிருந்தால் பிடிக்கட்டும். வேண்டுதல் என்று மட்டும் கதை கட்டக் கூடாது. புருவமும் உதிரும்போது அந்தக் கதை நிற்காது, பிறகு சொல்லும் உண்மையும் எடுபடாது.

வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். மகள் வகுப்பில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் மகளின் கல்யாணம் பாதிக்கும் என்று நோயையே மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தில், இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, எப்படியும் பிழைக்கப்போவதில்லையே என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயம் அன்று ஏதோ ஒரு வகையில் நியாயம். ஆரம்ப நிலையில் பிடித்தால் பெரும்பாலோர் குணமாகும் இன்றைக்கு நியாயமே இல்லை. மறைப்பின் சுமை கடைசியில் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்ற ரகசியத்தை ஏழு வயதுப் பிள்ளை தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது.

பார்க்க வரும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து ‘ஐயோ பாவம்’ என்று அழ வேண்டாம். அதற்குப் பதில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பதைவிட ‘செவ்வாயும் வியாழனும் பிள்ளைங்க டிபன் பாக்ஸ் என் பொறுப்பு’ என்பது நூறு மடங்கு மேல். தாய்மார்களும் யாராவது கேட்டால் ‘பரவாயில்ல, பார்த்துக்கறேன்’ என்று சொல்வதை அந்த ஆறு மாதத்துக்கு விட்டுவிட வேண்டும். வேன் வரும் நேரம், வீட்டுப்பாடம், மாத்திரை வாங்கி வருவது என்று ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டால், வருகிறவர்கள் தங்களால் முடிந்ததைத் தேர்ந்துகொள்வார்கள்.

மூத்த மகள் இருக்கும் வீடுகளில் ஓர் அநீதி ஓசையின்றி நடக்கிறது. பத்து வயதுப் பெண் பிள்ளை அடுப்படிக்குப் போகிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், ‘பொறுப்பான பொண்ணு’ என்று பேர் வாங்குகிறாள். அவளும் பயந்துபோன குழந்தைதான். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, காலண்டரில் நிறம் அடிப்பது போன்ற சின்ன வேலைகள் பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். சமையலும் தம்பியும் அப்பாவின் பங்கு. மகனுக்கும் மகளுக்கும் வேலை சரிபாதி.

செலவும் தூரமும் சேர்ந்தே வரும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் அலுவலகத்தில் அட்டை எடுக்கும் வேலையை உடம்பு ஓரளவு தெம்பாக இருக்கும் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழ்ப் படிவம் வேண்டும்.

கதிர்வீச்சு நாட்கள் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். முன்பு வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம், 25 தடவை வரச் சொன்னார்கள். இப்போது மூன்று வாரத்தில் 15 தடவை என்பது வழக்கமாகிவிட்டது. ஒரே வாரத்தில் 5 தடவையில் முடிக்கும் முறையும் பொருத்தமானவர்களுக்குச் சமமாகப் பலனளிக்கிறது என்று பிரிட்டனில் நடந்த ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டு’ ஆய்வு 2020-ல் காட்டியது. எல்லா நோயாளிக்கும் இது ஒத்துவராது. ஆனால் பிள்ளைகளைத் தேனியில் விட்டுவிட்டு மதுரையிலோ சென்னையிலோ அறை எடுத்துத் தங்கும் தாய்க்கு ஐந்து வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கேட்டால்தான் அது மருத்துவரின் கணக்கில் வரும்.

மருத்துவமனைச் சிகிச்சை முடிந்த பிறகு வீடு பழைய நிலைக்கு வந்துவிடும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள், கணவரும் எதிர்பார்ப்பார். அசதி பல மாதம் இருக்கும். மறதி இருக்கும், ஃபீஸ் கட்டும் தேதி தப்பும், எழுதிவைத்தால் சமாளிக்கலாம். ஹார்மோன் சார்ந்த கட்டியென்றால் தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை ஐந்து முதல் பத்து ஆண்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசையை ஒளிக்கத் தேவையில்லை. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை எடுத்தபின் மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு வரை நிறுத்திக் கர்ப்பத்துக்கு முயன்ற பெண்களுக்கு, அடுத்து வந்த சில ஆண்டுகளில் நோய் திரும்பும் வீதம் கூடவில்லை என்று 2023-ல் வெளியான ‘பாசிட்டிவ்’ ஆய்வு சொல்கிறது. நீண்ட காலக் கண்காணிப்பு தொடர்கிறது. ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது வேறு, சொல்லி நிறுத்துவது வேறு. சிகிச்சை தொடங்குமுன்பே கருமுட்டையைச் சேமிக்கலாமா என்றும் கேட்டுவைக்க வேண்டும்.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் ‘எனக்கும் வருமாம்மா?’ என்பாள். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருகிறது. ஆனால் இளம் வயதில் நோய் வந்த தாய் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை செய்துகொள்வது அவருடைய சிகிச்சைக்கும் பயன்படும், பிள்ளைகளுக்கும் பயன்படும். கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன வயதில் பிள்ளைகளைச் சோதிப்பதில்லை. பதினெட்டு தாண்டி அவர்களே முடிவு செய்யட்டும். கோளாறு இல்லையென்றாலும், தாய்க்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக மகள் பரிசோதனையைத் தொடங்குவது பல மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தாயின் மரபணு ரிப்போர்ட்டுகளை மகளுக்கென்று மட்டும் எடுத்துவைக்க வேண்டாம். இந்தக் கோளாறு மகனுக்கும் இறங்கும், குறிப்பாக பி.ஆர்.சி.ஏ. 2 ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது, அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரலாம். அவனிடமிருந்து அவன் மகளுக்கும் போகலாம்.